சம்மன்காரரின் வலது கால்

நீதிமன்றத்தில் அவருடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததில்லை. ஊருக்கு அவர் சம்மன்காரர். வழக்குப் போடுகிறவர் போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் மேல் போட்டாரோ அந்த ஆசாமியைத் தேடிப் பிடித்து, இன்ன தேதிக்கு வந்து பதில் சொல்லுங்கள் என்கிற காகிதத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இதுதான் உத்தியோகம். இதில் என்ன பிரமாதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரே ஒரு நாள் அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும் சங்கதி.

அவர் சைக்கிள் ஒரு தெருவுக்குள் திரும்பினால் போதும், வாடகை பாக்கி வைத்தவன், அண்ணன் பங்கை அமுக்கியவன், ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவன் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "அவர் ஊர்ல இல்லைங்க" என்று அந்த "அவரே" உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். ஒரு மகானுபாவர் தான் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாகத் தானே வாசலுக்கு வந்து சொன்னார். சம்மன்காரர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? சலூன் நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பொய் சொல்ல மாட்டார், மிரட்டவும் மாட்டார். சிரித்த முகமாக, தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெயரைக் கேட்டதும் மனிதன் தன்னை அறியாமல் "ஆமா" என்பான். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டான்.

"ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதி ஒரு சம்மனைத் திருப்பிக் கொண்டுவருவதைப் போல அவருக்கு எரிச்சல் தரும் காரியம் வேறில்லை. "ஆள் கிடைக்கலைன்னா, நாம தேடலைன்னு அர்த்தம்" என்பார். கொஞ்சம் தலைக்கனம்தான். நாள் முழுக்க வெயிலில் மிதிக்கிறவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

ஒரு நாள் அவர் ஊர் மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது மரக்கடைக்காரர் மேல் போட்ட வழக்குக்காகக்கூட இல்லை. பக்கத்து வீடுகள் இரண்டுக்குள் சுவர்த் தகராறு. அதில் மரக்கடைக்காரர் வெறும் சாட்சி. இரும்பு கேட், அங்கிருந்து வீட்டுக் கதவு வரை நீளமாக ஒரு சிமெண்டுப் பாதை, இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள். மாடியில் மரக்கடைக்காரர் தோளில் துண்டோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழே பாதையின் நடுவில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் படுத்திருந்தது.

நாய் என்று நான் சொல்கிறேன். அந்த வீட்டில் அப்படிச் சொன்னால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. மூத்த பையன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், ஆகவே இது சின்னவன். சின்னவனுக்குத் தனி மெத்தை, தனி மின்விசிறி, பிறந்தநாளுக்குப் புதுக் கழுத்துப் பட்டை. நகராட்சியில் நாயைப் பதிவு செய்ய வேண்டும், வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை மட்டும் மரக்கடைக்காரர் செய்யவில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது வரி கட்டுவார்களா?

"வாங்க வாங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்" என்றார் மேலேயிருந்து.

"கொஞ்சம் கட்டிடுங்களேன் சார்."

"அட, சும்மா வாங்க. பயந்தாதான் அவனுக்குப் பிடிக்காது."

சம்மன்காரர் பயப்படாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார். சின்னவன் குரைக்கவில்லை. எழுந்து வந்து பையை முகர்ந்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், பிறகு நிதானமாக வலது கெண்டைக்காலைக் கவ்வினான். கவ்வினவன் விடவில்லை. சம்மன்காரர் பூந்தொட்டிகள் நடுவே மல்லாந்து விழுந்தார். "ஐயோ சார், ஐயோ சார்" என்று கத்துகிறார். மாடியிலிருந்து, "சின்னவா, விடுடா கண்ணா, மாமாடா, விடுடா" என்று கொஞ்சல்தான் வருகிறது, ஆள் வரவில்லை. ஆள் செருப்பைத் தேடுகிறார். சட்டையை மாட்டுகிறார். பட்டன் போடுகிறார். எல்லாம் ஆன பிறகு இறங்கி வந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, முதல் காரியமாக நாயின் வாயைத் திறந்து பார்த்தார்.

"என்னய்யா, இவ்வளவு முரட்டுத் துணியிலயா பேண்ட் தைப்பே? பல்லு ஆடுது பாரு."

சம்மன்காரர் என்ன செய்தார் தெரியுமா? ரத்தம் செருப்பில் வழிய வழியப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டி, "சார், இங்க ஒரு கையெழுத்து" என்றார். வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினார். இந்தக் கட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

தெருமுனை டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து காயத்தில் காபித்தூளை அப்பி, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டைப் பிரித்ததும் அவருக்கு ஒரு டோஸ் கொடுத்தாள்.

"நாய் கடிச்சா முதல்ல சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணியில நல்லாக் கழுவிட்டு நேரா இங்க வரணும். இப்படிக் காபி போட்டுக்கிட்டா வருவீங்க?"

அவளே கழுவினாள், ரொம்ப நேரம். அப்புறம் ஊசி, காயத்தைச் சுற்றியும் ஊசி. இன்னும் எந்தெந்தத் தேதியில் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, "ஒண்ணுகூடத் தப்பக் கூடாது" என்று கண்ணை உருட்டினாள். காலைப் பார்த்தவர்களில் அவள் ஒருத்திதான், "நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்காதவள்.

மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "நீங்க என்ன பண்ணீங்க? வாலை மிதிச்சீங்களா?" என்றார் அலுவலகத்துப் பெரிய கிளார்க். "கல்லை எடுத்தீங்களா?" என்றார் டைப்பிஸ்ட். மரக்கடைக்காரரின் எதிர்வீட்டுக்காரருக்குத்தான் மனசே ஆறவில்லை. "ரொம்ப சாதுவான நாயாச்சே! பேப்பர் போடறவனைக் கடிச்சுது, சிலிண்டர் கொண்டுவர்றவரைக் கடிச்சுது, என் மச்சானைக் கடிச்சுது. மத்தபடி யாரையும் ஒண்ணும் பண்ணதில்லையே" என்று ஆச்சரியப்பட்டார். காலைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடக்கிறவன் தன் நன்னடத்தைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. நாய்க்கோ ஊரே சான்றிதழ் எழுதிக் கொடுத்தது.

காயம் ஆறும், பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் உள்ளே சதை கிழிந்திருக்கிறது. காலுக்குப் பயிற்சி வைத்தியம் உடனே ஆரம்பிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. மெஷின் ரிப்பேர், ரிப்பேர் பார்க்கிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். தனியார் இடத்தில் செய்துகொள்ளலாம், ஆனால் அவர்கள் கேட்கிற பணத்துக்கு சம்மன்காரர் வீட்டையே தூக்கிக் கொடுத்தாலும் பற்றாது, அதுவும் வாடகை வீடு.

"தள்ளிப்போடாதீங்க. தள்ளிப்போட்டா சதை இறுகிடும். அப்புறம் நடப்பீங்க, சைக்கிள் மிதிக்க முடியாது" என்றார் டாக்டர்.

சைக்கிள் மிதிக்க முடியாத சம்மன்காரர் என்றால் என்ன? பெரிய கிளார்க் அதையும் சொல்லிவிட்டார். "இப்போதைக்குப் பழைய கட்டு அறையில உட்காருங்க. வருஷக் கடைசியில காலைப் பார்ப்போம். சரியாச்சுன்னா பழைய வேலை. இல்லைன்னா அங்கயே நிரந்தரம்." பழைய கட்டு அறை என்பது முடிந்துபோன வழக்குகளை மூட்டை கட்டிப் போட்டிருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. அங்கே இருக்கிற காகிதம் யாரையும் தேடிப் போகாது, அதைத் தேடியும் யாரும் வர மாட்டார்கள். ஊரில் எந்தச் சந்தில் எந்தக் கதவு என்று பார்க்காமலே சொல்லக்கூடிய மனிதர், மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். "உயிரோட புதைச்சுட்டாங்கடி" என்று மனைவியிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். அவளிடம் பாவாடை தைக்க வரும் ஒருத்தி வக்கீல். "என்னங்க, தினம் கோர்ட்டுக்குப் போறீங்க, ஒரு நாள் நமக்காகப் போகக் கூடாதா?" என்று இழுத்துக்கொண்டு போய் வக்கீலம்மா எதிரில் அவரை உட்கார வைத்தாள்.

வக்கீலம்மா காலைப் பார்க்கவில்லை, விஷயத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க வேலை விஷயமா போனீங்க. பகல்ல போனீங்க. கேட் வழியா, அவர் கூப்பிட்டுத்தான் உள்ள போனீங்க. நாயைச் சீண்டினீங்களா?"

"முகத்துல சிரிப்பு வெச்சுக்கிட்டுப் போனேன்மா."

"அது குத்தமில்லை. நாய் வளர்க்கிறவங்கதான் அதுக்குப் பொறுப்பு. வைத்தியச் செலவு, வேலை கெட்டது, வலி, எல்லாத்துக்கும் கேட்கலாம். காயத்தைப் படம் எடுத்து வைங்க, ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. பயிற்சி வைத்தியத்துக்கு உடனே பணம் கொடுக்கச் சொல்லி முதல்ல ஒரு மனு போடறேன். ஆனா ஒண்ணு. எதிராளிக்கு சம்மன் போய்ச் சேர்ந்தாதான் நீதிபதி அதைக்கூடக் கையில எடுப்பார். அதை உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சம்மனா? அதுக்கென்னம்மா கவலை" என்றார் சம்மன்காரர், பெருமையாக.

வழக்குப் போடும் முன் வக்கீலம்மா ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். மரக்கடைக்காரர் கடைக்கு வந்த தபால் என்பதால் அது சுலபமாகப் போய்ச் சேர்ந்தது. பதில் வந்தது பாருங்கள், அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். ஐயாவுக்கு நாய் எதுவும் கிடையாதாம். தெருவில் திரிகிற நாய் ஒன்று அவ்வப்போது வளாகத்துக்குள் வந்து படுப்பதுண்டாம். அதை யார் வந்து சீண்டினார்களோ அவருக்குத் தெரியாதாம். மேலும், வாசலில் "நாய் ஜாக்கிரதை" என்ற பலகை பல வருஷமாக இருக்கிறதாம்.

"இல்லாத நாய்க்குப் பலகை எதுக்குண்ணே?" என்று வக்கீலம்மா சிரித்தாள். சம்மன்காரரின் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பலகை இருந்தது. விரலில் பெயிண்ட் ஒட்டியது.

சிரித்து என்ன பிரயோஜனம்? நாய் அவருடையது என்று யாராவது சொல்ல வேண்டுமே. பதிவும் இல்லை. மனைவி அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தினம் அந்த நாய் மெத்தையில் படுப்பதைப் பார்க்கிற எதிர்வீட்டு அம்மாள், "நாங்க இங்கயே குடியிருக்கணுமே தங்கச்சி. எங்க ஜன்னலுக்கு அவர்தான் மரம் கொடுத்தார், விலையைக்கூடக் குறைச்சுக் கொடுத்தார்" என்று கையைப் பிசைந்தாள். அடுத்த வீட்டுக்காரருக்குக் கண் மங்கல் என்றார். அதற்கடுத்த வீட்டுக்காரர் நாய்களையே பார்ப்பதில்லையாம், பழக்கமில்லையாம்.

எப்படியோ வழக்கு பதிவாயிற்று. சம்மன் தயாராயிற்று. பெரிய கிளார்க் பழக்க தோஷத்தில் அதைக் கொண்டுவந்து பழைய கட்டு அறையிலேயே நீட்டினார்.

"அந்தப் பக்கம்தானே, ஒரு எட்டு நொண்டிக்கிட்டே போய்க் கொடுத்துட்டு வந்துடுங்களேன்."

சம்மன்காரரின் கை காகிதத்துக்கு நீண்டுவிட்டது. உடனே இழுத்துக்கொண்டார். "சார், நான்தானே வழக்குப் போட்டவன். என் கேஸ்ல நானே சம்மன் கொடுத்தா செல்லாது சார்."

"அட ஆமாம்ல" என்றார் பெரிய கிளார்க், அப்போதுதான் சட்டம் வந்த மாதிரி.

முதலில் டவாலி போனார். நீதிமன்ற வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர்; குரல் என்றால் வெண்கல மணி. கேட்டுக்கு வெளியே சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடாமல் பிடித்துக்கொண்டு, மரக்கடைக்காரர் பெயரை மூன்று தடவை முழங்கினார். மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. சின்னவன் எழுந்து வந்தான். டவாலி திரும்பி வந்து, "மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள், வழக்கில் எழுதியிருக்கும் வீட்டு முகவரிக்கு. "கதவு பூட்டியிருந்தது" என்று குறிப்போடு திரும்பியது. தபால்காரர் சம்மன்காரருக்குப் பழைய சிநேகிதர். ஏன்யா இப்படி என்று கேட்டதற்கு, "உங்க காலைப் பார்த்த பிறகும் நான் உள்ள போவேனா? எனக்கும் ரெண்டு கால்தானேண்ணே" என்றார். நியாயம்தானே?

சரி, கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள் என்று உத்தரவாயிற்று. இந்தத் தடவை டைப்பிஸ்ட் போனார். வீட்டுக் கதவுக்கும் அவருக்கும் நடுவே சிமெண்டுப் பாதை முழுக்க நாய். அவர் கேட்டிலேயே பசை தடவி ஒட்டினார். அவர் கண்ணெதிரிலேயே சின்னவன் கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டு, காகிதத்தைக் கிழித்து, பசைக்காகவோ என்னவோ, ருசித்துத் தின்றுவிட்டான். டைப்பிஸ்ட் சத்தியவான். "சம்மன் மேற்படி வீட்டு நாயால் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று டைப் அடித்துக் கொண்டுவந்தார். "யோவ், என் வேலைக்கு உலை வெச்சுடாதே" என்று பெரிய கிளார்க் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒட்டப்பட்டது என்று மட்டும் எழுதச் சொன்னார்.

அதோடு விட்டதா? கேட்டில் ஒட்டினால் கதவில் ஒட்டினதாக ஆகுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம் என்று நீதிபதி அதை யோசிக்க ஒரு வாய்தா போட்டார். அடுத்த வாய்தாவில் வக்கீலம்மா கேட் என்பதும் ஒரு கதவே என்று வாதாடினாள். அடுத்ததில் நீதிபதி விடுப்பு. அதற்கடுத்ததில், கேட் கதவல்ல, புதிதாகச் சம்மன் அனுப்புக என்று உத்தரவு. பின் வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு சம்மன்காரர் நின்றார். இத்தனை வருஷம் அதே வரிசையில் நின்று, கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட வார்த்தைதான் வாய்தா. இப்போது அந்தச் சொல் கெண்டைக்காலில் வலித்தது.

மரக்கடைக்காரருக்கு நாளுக்கு நாள் களை கூடிற்று. முன்பெல்லாம் பாதையில் படுத்துத் தூங்கிப் பொழுது போக்கிய சின்னவன், இப்போது முழுநேரக் காவலுக்குப் பதவி உயர்வு பெற்றான். "நம்ம வக்கீலைவிட இவன் கெட்டிக்காரன்" என்று கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். காலையில் மரக்கடைக்குப் பின்வழியாகப் போய் இருட்டும் முன் பின்வழியாகவே வந்துவிடுவார். கடைக்குத் தேடிப் போனால், முதலாளி லோடு பார்க்கப் போயிருக்கிறார் என்று மரத்தூள் பறக்கிற இடத்திலிருந்து யாரோ சொல்வார்கள். டவாலி அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். "கல்லுளிமங்கன்!" என்று சம்மன்காரர் பல்லைக் கடித்தார். "என்னை மட்டும் விட்டுப் பாருங்க, சலூன்லயாவது பிடிச்சிருப்பேன்" என்று புலம்பினார். விடத்தான் சட்டம் இல்லையே.

கால்? நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுத்தார். காலையில் மனைவி எண்ணெய் தடவி நீவினாள். விரலை வைத்து அழுத்தினால் சதை மாதிரி இல்லை, கட்டை மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத நேரம் பார்த்து சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். இடது கால் மிதித்தது. வலது கால் மிதியைக் கீழே தள்ள முடியாமல் பாதியில் நின்றது. அவர் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் அழுதது மனைவிக்குக் கேட்கவில்லை.

அவள் எதையும் கேட்காமலே புரிந்துகொள்கிறவள். மறுநாள் வக்கீலம்மாவிடம் போய், "நீங்க சட்டம் படிச்சவங்க. அவர் நாயே இல்லைங்கிறார். சரி, இல்லைன்னே வெச்சுக்குங்க. அப்போ எங்க வீட்டுக்காரரைக் கடிச்சதுக்கு யார்தான் பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டாள்.

வக்கீலம்மா மரக்கடைக்காரரின் பதிலை எடுத்து மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு, "நகராட்சி" என்றாள்.

தெருநாய் என்றால் அதற்குப் பொறுப்பு நகராட்சி. வக்கீலம்மா அன்றைக்கே மரக்கடைக்காரரின் பதில் நகலை இணைத்து நகராட்சிக்கு நோட்டீஸ் விட்டாள்: உங்கள் தெருநாய் எங்கள் கட்சிக்காரரைக் கடித்தது, நஷ்ட ஈடு எடுத்து வையுங்கள். நகராட்சி என்றால் லேசுப்பட்டதா? தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிப் போட்டால், அந்தக் காகிதத்தைத் தேடுவதற்குள் அடுத்த விளக்கும் போய்விடும். ஆனால் தன் கஜானாவில் கை வைக்கிறார்கள் என்றதும் அதற்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ! அந்த வாரமே நாய் பிடிக்கிற வண்டி மரக்கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றது. சங்கதி தெரிந்த வக்கீலம்மா, டவாலியைப் புதுச் சம்மனோடு அதே நேரத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தாள். சம்மன்காரர் அங்கே போகவே கூடாது என்று சொல்லியிருந்தாள். போகாமல் இருப்பாரா? எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக, தடியோடு நின்றார்.

வண்டியிலிருந்து மூன்று பேர் வலையோடு இறங்கினார்கள். பழகின கை. கேட் திறந்தது, சின்னவன் பாய்ந்து வந்தான், வலைக்குள் விழுந்தான். அவன் போட்ட ஊளையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஐயையோ! எங்க சின்னவன்! எங்க சின்னவனைப் பிடிச்சுட்டாங்க!" என்று மரக்கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து அலறினாள்.

மரக்கடைக்காரர் வந்தார். சட்டையில்லை, செருப்பில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் பாதியைத் தாவி, பூந்தொட்டியை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து வலை மேல் விழுந்தார்.

"டேய், கையை எடுங்கடா! என் பிள்ளைடா இது!"

வண்டிக்காரர் சாவதானமாகக் காகிதத்தை எடுத்தார். "உங்களுக்கு நாயே கிடையாது, இது தெருநாய்னு நீங்கதான் சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"யோவ், தெருநாயாய்யா இது? என்ன ஜாதின்னு தெரியுமா? குட்டியில என்ன விலை கொடுத்து வாங்கினேன் தெரியுமா? ஊசி போட்ட அட்டை இருக்கு, போட்டோ இருக்கு, மெத்தை இருக்கு! வந்து பாருய்யா!"

"அப்போ உங்களுதுதான்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. இங்கயே விட்டுடறோம்."

வண்டியின் முன்பக்கத் தகட்டின் மேலே வைத்து, கண்ணீர் சொட்டச் சொட்ட, மரக்கடைக்காரர் எழுதினார்: இது என் நாய், எட்டு மாதக் குட்டியிலிருந்து நானே வளர்த்து வருகிறேன். எதிர்வீட்டு அம்மாளும் கண்மங்கல்காரரும் முன்னால் வந்து, ஆமாம், நாங்கள் தினம் பார்க்கிறோம் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நாய்களையே பார்க்கும் பழக்கமில்லாதவர் பேனா கொடுத்தார்.

"ஐயா, கையோட இதுலயும் ஒண்ணு" என்று டவாலி சம்மனை நீட்டினார். பேனா கையில் இருந்த வேகத்தில் மரக்கடைக்காரர் அதிலும் போட்டுவிட்டார்.

தெருவில் சிரிப்பாணி பொத்துக்கொண்டது. சம்மன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மரக்கடைக்காரரின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணையன்று மரக்கடைக்காரரின் வக்கீலுக்குச் சொல்ல அதிகமில்லை. மனுதாரர் நாயைச் சீண்டியிருக்கக்கூடும் என்று முனகினார். நீதிபதி சம்மன்காரரைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஐயா, வண்டி வந்த அன்னிக்கு இவர் ஓடி வந்ததைப் பார்த்தேன். சட்டை இல்லை, செருப்பு இல்லை, படியில தாவி வந்தார். நாய் மேல அவ்வளவு பாசம், நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா நான் கீழ விழுந்து கத்தினப்போ இதே மனுஷன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டிருந்தார் ஐயா. அந்த ஓட்டத்துல பாதி எனக்காக ஓடியிருந்தா, சதை கிழிஞ்சிருக்காது. அதான் ஐயா எனக்கு ஆறலை."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மரக்கடைக்காரரைப் பார்த்தார். மரக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு நாள் அந்த அறையில் வாய்தா போடப்படவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்தது: பயிற்சி வைத்தியச் செலவு, வேலை கெட்டதற்கு, வலிக்கு. நாயைப் பதிவு செய்ய வேண்டும், கட்டி வைக்க வேண்டும், வெளியே விட்டால் வாய்மூடி போட வேண்டும் என்றும் உத்தரவு. "வாய்மூடியா? பாவம், அவன் எப்படி மூச்சு விடுவான்?" என்று மரக்கடைக்காரரின் மனைவி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பணம் கைக்கு வந்த மறுநாளே மனைவி அவரைப் பயிற்சி வைத்திய நிலையத்துக்கு அழைத்துப் போனாள். பளபளவென்று தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓரமாக நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்கள். டாக்டர் சின்ன வயசு, நல்ல மாதிரி. கணுக்காலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், கெண்டைக்காலை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். பழைய சீட்டுகளைப் புரட்டினார். திரும்பவும் மடக்கிப் பார்த்தார்.

"நல்லா நடக்க வெச்சுடலாம். தடியைக்கூடத் தூக்கிப் போட்டுடலாம். ஆனா சைக்கிளை மறந்துடுங்க. உள்ள சதை நல்லா இறுகிப் போச்சு, இனி இளகாது." அவருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும், குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அடிபட்ட கையோட வந்திருந்தீங்கன்னா முழுசா சரிபண்ணியிருப்பேனே. ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?"

"சம்மன் போய்ச் சேரலைங்க டாக்டர்" என்றார் சம்மன்காரர்.

டாக்டருக்குப் புரியவில்லை. ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மரியாதைக்குச் சம்மன்காரரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. அவள் குனிந்து, செருப்பை எடுத்து, அவர் வலது காலில் மாட்டிவிட்டாள்.